மண்சரிவில் மூடிய ரயில் பாதை: மண்ணை அள்ளிய பிறகும் என்ன வேலை பாக்கி?

சாலைமண் எழுதியது:

வணக்கம். மலைச்சாலையில் சரிவு விழுந்தால் மண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, ஒற்றை வழியாகவாவது வண்டிகளை விட்டுவிட்டு, மீதியை நிதானமாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். ரயில் பாதைக்கு அது ஒத்துவராது என்பது புரிகிறது. வேலையின் வரிசைதான் புரியவில்லை. பயிற்சி வகுப்புக்காக ஒரு கற்பனைக் கணக்கு வைத்திருக்கிறேன். அதை முன்வைத்தே கேட்கிறேன்.

மின்மயமான ஒற்றை அகலப்பாதை. பாதைக்காக மலையை வெட்டிய இடத்தில் 12 மீட்டர் உயர வெட்டு, களிமண் கலந்த சிதைந்த பாறைமண். இரண்டு நாள் கனமழையில் சரிந்து 45 மீட்டர் நீளத்துக்குப் பாதை மூடிக்கிடக்கிறது. சராசரி உயரம் 2 மீட்டர், நடுவே சில பெரிய பாறைகள். அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி, பள்ளத்தாக்குப் பக்கத்தில், பாதையைத் தாங்கும் மண்கரையின் தோள் (ஓரம்) 15 மீட்டருக்கு அறுத்துக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர்களின் முனை அந்தரத்தில் நிற்கிறது.

முதலில் எதைத் தொடுவது? மண்ணை அப்படியே பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டால் ஒரே நாளில் முடியாதா? மழை நின்று வெயில் அடித்த பிறகும் "இன்னும் பாதுகாப்பில்லை" என்கிறார்களே, ஏன்? எதைப் பார்த்து முதல் வண்டியை விடுவது, வேகத்தை எப்படி ஏற்றுவது?

சரிவளவி எழுதியது:

உங்கள் கணக்கில் இருப்பவை இரண்டு சரிவுகள், இரண்டுக்கும் குணம் வேறு. வெட்டில் மேலிருந்த மண் பாதை மேல் வந்து கிடக்கிறது. கரையில் பாதைக்குக் கீழே இருந்த மண் போய்விட்டது. முதலாவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். நாட்களைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவது. அதை ஜல்லிக்கரை விளக்கினால் நல்லது. நான் வெட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இயந்திரம் வருவதற்கு முன் ஆள் வெட்டின் உச்சிக்கு ஏற வேண்டும். சரிவின் தலைக்குப் பின்னால் 20 மீட்டர் வரையாவது நடந்து விரிசல் தேட வேண்டும். புது விரிசல் பிறை வடிவில் ஓடும், உதடுகள் கூர்மையாக இருக்கும், குறுக்கே போகும் வேர்கள் விறைத்தோ அறுந்தோ தெரியும். சாய்ந்த மரம், மேல் வடிகாலில் உடைந்த காங்கிரீட், முன்பு இல்லாத ஊற்று, முன்பு தெளிவாக வந்து இப்போது கலங்கி வரும் ஊற்று, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். விரிசலுக்கு இரு பக்கமும் கம்பி அடித்து இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பது பழைய முறைதான், ஆனால் முதல் நாளில் அதைவிடச் சீக்கிரம் பதில் தரும் கருவி கிடையாது. குறைந்தது நான்கு ஜோடிக் கம்பி, மணிக்கு ஒரு அளவு. 3, 2, 1, 0 என்று இறங்கினால் கீழே வேலை தொடங்கலாம். 2, 3, 5 என்று ஏறினால் ஆட்களையும் இயந்திரத்தையும் உடனே வெளியே எடுக்க வேண்டும். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதைவிட வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதே கணக்கு.

விரிசல் திறந்து கிடந்தால் அடுத்த மழை நேரே உள்ளே இறங்கும். களிமண்ணை இடித்து நிரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, தார்ப்பாயின் மேல் ஓரத்தைச் சிறு பள்ளத்தில் புதைத்து மூட வேண்டும். கல் மட்டும் வைத்துவிட்டால் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும். அப்படிப் போட்ட தார்ப்பாய் இருந்தும் பயனில்லை.

அடுத்து, பாதை மேல் கிடக்கும் மண்ணைப் பற்றி. அது இப்போது மேலே நிற்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் கை வைத்தால் முட்டு போய்விடும், மேலே இருப்பது இறங்கும். களத்தில் "அள்ள அள்ள வருகிறது" என்பார்களே, அது இதுதான். ஆகவே மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். 20 டன் வகை ஹிட்டாச்சியின் (மண் அள்ளும் இயந்திரம்) கை சுமார் 9 மீட்டர் உயரம்தான் எட்டும். உங்கள் வெட்டு 12 மீட்டர். பக்கவாட்டில் ஒரு சாய்வுதளம் வெட்டி இயந்திரத்தை மேலேற்ற வேண்டும், அல்லது நீள்கை இயந்திரம் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கயிறு கட்டிய ஆட்கள் கடப்பாரையால் தளர்ந்த பாறைகளை முதலில் உருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கக் கூடாது. இறக்கி முடிக்கும்போது சரிவு 1-க்கு 1.5 அளவிலாவது (உயரம் 1, கிடைத்தூரம் 1.5) படுத்திருக்க வேண்டும், நடு உயரத்தில் 1.5 முதல் 2 மீட்டர் அகலப் படி ஒன்று விட வேண்டும். அந்தப் படி மேல்மண்ணின் பாரத்தைக் குறைக்கும், உருண்டு வரும் கல்லை நிறுத்தும், பிறகு வடிகால் போட இடமும் தரும்.

பள்ளத்தாக்கில் தள்ளும் யோசனை வேண்டாம். உங்கள் கணக்கில் 60 மீட்டர் தூரத்திலேயே கரை ஒருமுறை அறுத்திருக்கிறது. அதாவது கீழ்ச்சரிவும் ஈரம் குடித்துப் பலவீனமாக இருக்கிறது. அதன் தலையில் ஆயிரம் டன் மண்ணைக் கொட்டினால் அடுத்த சரிவு பாதைக்குக் கீழே தொடங்கும். கொட்டிய மண் ஓடை வழியை அடைக்கும், பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய் மதகின் வாயை மூடும். தண்ணீர் கரைக்குப் பின்னால் குளமாகத் தேங்கி, பிறகு கரையையே உடைத்துக்கொண்டு போகும். கீழே வீடோ சாலையோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மழை நின்ற பிறகும் ஏன் ஆபத்து என்றால்: மணலில் தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், களிமண்ணில் நாட்கள் ஆகும். மேலே பெய்தது மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆழத்தில் மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் உச்சத்தைத் தொடுவது பல நேரங்களில் வெயில் வந்த இரண்டாவது, மூன்றாவது நாளில்தான். அழுத்தம் ஏறினால் துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பு குறையும். மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழி திறந்துவிட வேண்டும்: வெட்டின் அடியிலிருந்து 5 முதல் 10 டிகிரி மேல்நோக்கி 75 முதல் 100 மி.மீ. துளைகள், 15 மீட்டர் ஆழம், 5 மீட்டருக்கு ஒன்று. உள்ளே துளையிட்ட 50 மி.மீ. பிவிசி குழாய், அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்று. உங்கள் 45 மீட்டருக்கு ஒன்பது பத்துத் துளை வரும். சிலவற்றில் ஒரு சொட்டும் வராது, ஒன்றிரண்டில் குழாய் திறந்ததுபோல் கொட்டும். கொட்டுகிற இடத்தின் இரு பக்கமும் நெருக்கமாக இன்னும் இரண்டு போடலாம்.

மேலே நிற்பதைச் சரிசெய்யாமல் திறக்க முடியாது என்பதற்குப் பெரிய உதாரணம் பிரான்சு–இத்தாலி இடையிலான மோரியன் பள்ளத்தாக்குப் பாதை. 2023 ஆகஸ்ட் 27 அன்று பாறைச்சரிவு விழுந்தது, ரயில்கள் மீண்டும் ஓடியது 2025 மார்ச் 31 அன்று. கீழே விழுந்ததை அள்ளுவதற்கு அத்தனை காலம் தேவையில்லை. செங்குத்தாக நின்ற பாறைமுகத்தை நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதுதான் கடினமான வேலை.

ஜல்லிக்கரை எழுதியது:

மேலே சொன்னதற்கு முன்பே நடக்க வேண்டியது ஒன்று: பாதையைக் காப்பது. இரு பக்க நிலையங்களுக்கும் தகவல் போக வேண்டும், இரு பக்கமும் அடைப்பு வைக்க வேண்டும். இந்திய ரயில்வே பொதுவிதிப்படி அகலப்பாதையில் தடையிலிருந்து 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி), 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று. ஒற்றைப் பாதை என்பதால் இரு திசையிலும். தகவல் சொல்லியாயிற்று என்று இதை விட்டுவிடக் கூடாது, சொன்ன தகவல் வண்டியில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது நமக்குத் தெரியாது.

இனி அளவுகள். 45 மீட்டர் நீளம், வடிகால்களையும் சேர்த்து 7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்: 630 கனமீட்டர். சரிவளவி சொன்னபடி மேலிருந்து இறக்கும் மண் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். திட்டமிடும்போது 1,200 கனமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமண் கனமீட்டருக்கு 1.8 டன், ஆக 2,160 டன். 0.9 கனமீட்டர் வாளி அரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பினால் ஏட்டுக்கணக்கில் மணிக்கு 108 கனமீட்டர். ரயில் வெட்டுக்குள் அது நடக்காது. இயந்திரம் திரும்ப இடமில்லை, டிப்பர் வர வழியில்லை, பாறை குறுக்கே வரும், விரிசல் அளவு எடுக்கும்போது நிறுத்த வேண்டும். மணிக்கு 40 என்று வைத்தால் 30 இயந்திர மணி நேரம். இரு முனையிலிருந்தும் ஒவ்வொன்று வேலை செய்தால் 15 மணி.

உண்மையான நெருக்கடி அள்ளுவதில் இல்லை, கொண்டுபோவதில். சாலை இல்லாத இடத்தில் எல்லாம் வேகனில்தான் போக வேண்டும். வேகனுக்கு 60 டன் என்றால் 36 வேகன். ஒற்றைப் பாதையில் ஒரு ரேக் (வேகன் வரிசை) போய்க் கொட்டிவிட்டுத் திரும்பும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். ஆகவே கொட்டும் இடத்தை முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதிகாரிகள் எத்தனை இயந்திரம் என்று கேட்பார்கள். எத்தனை வேகன், எங்கே கொட்டுவது என்று கேட்பவர்தான் சீக்கிரம் முடிப்பவர்.

பெரிய பாறைகளுக்கு ஹைட்ராலிக் பிரேக்கர். ஒரு பாறை வாளியில் அடங்காவிட்டால் இழுத்துத் தள்ளப் பார்க்கக் கூடாது, தண்டவாளத்தையும் ஸ்லீப்பரையும் சேர்த்து இழுத்துவிடும். வெடி வைத்தால் அதிர்வில் மேல்சரிவு அசையும். அங்கே துளையிட்டு விரிவடையும் ரசாயனக் கலவையை ஊற்றிப் பிளக்கலாம், ஆனால் அது வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும், மாலையில் ஊற்றிவிட்டுக் காலையில் உடைக்கும்படி திட்டமிட வேண்டும். சங்கிலி இயந்திரம் பாதை மேல் ஏறும்போது பழைய மரக்கட்டைகளை இரு தண்டவாளத்துக்கும் நடுவிலும் வெளிப்பக்கத்திலும் பரப்ப வேண்டும். காங்கிரீட் ஸ்லீப்பரின் விளிம்பு சங்கிலியில் நொறுங்கும், தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடிக்கும் கிளிப்புகள் தெறிக்கும். மண் அள்ளும் அவசரத்தில் உடைத்த ஸ்லீப்பர்களை மாற்ற இன்னொரு நாள் போகும்.

மண் போன பிறகு தெரிவது மூடியிருந்த பாதை. தண்டவாளம் நேராகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். பாறை விழுந்த இடத்தில் தலையில் வடு இருக்கும், அடிப்பாதத்தில் முறிவு தொடங்கியிருக்கலாம். அல்ட்ராசோனிக் சோதனை கட்டாயம். அடிப்பாதத்தின் ஓரங்களை அந்தச் சோதனை முழுதாகக் காட்டாது, கம்பித்தூரிகையால் தேய்த்துக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்லீப்பர் 60 செ.மீ.-க்கு ஒன்று என்றால் 45 மீட்டரில் 75. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து விரிசலுள்ளதை மாற்ற வேண்டும்.

ஜல்லிதான் பலர் விட்டுவிடும் இடம். மேலாக மண்ணைக் கூட்டிவிட்டு, ஜல்லி தெரிகிறதே என்று வண்டி விடுவார்கள். ஜல்லியின் இடைவெளிகளில் களிமண் புகுந்திருக்கிறது. வண்டி ஏறும்போது ஸ்லீப்பர் அழுந்தி, இறங்கும்போது சேற்றை உறிஞ்சி மேலே கக்கும். பத்து வண்டிக்குள் ஸ்லீப்பருக்கு அடியில் குழி விழும், தண்டவாளம் அலையடிக்கும். மண் படிந்த ஜல்லியை ஸ்லீப்பருக்குக் கீழே 300 மி.மீ. வரை முழுதாக எடுத்துவிட்டுப் புதிய ஜல்லி போட வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 2 கனமீட்டர். இரு முனையிலும் 5 மீட்டர் சேர்த்து 55 மீட்டருக்கு 110 கனமீட்டர். போட்டு, பாதையைத் தூக்கி, டாம்பிங் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்குவது), மறுபடி தூக்கி டாம்பிங். ஒரே தூக்கில் முடிக்கப் பார்த்தால் அடி இறுகாது.

கரை விஷயம். மேலிருந்து பாறையையும் மண்ணையும் கொட்டி நிரப்புவதுதான் எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது. கொட்டியது அறுந்த சாய்தளத்தின் மேல் சறுக்குமரத்தில் வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். ஒரு மழைக்கு மொத்தமாக இறங்கும். செய்ய வேண்டிய வரிசை:

கீழே உறுதியான மண் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்த்து, அதற்குள் அரை மீட்டராவது இறக்கி அடித்தளம். மீதமுள்ள சாய்தளத்தில் அரை மீட்டர் உயரப் படிகளாக வெட்டு. அடித்தளத்தின் மேல் கம்பிவலைக் கல்கூடை. 2×1×1 மீட்டர் கூடைகளை வைத்து, கீழ் வரிசை 3 மீட்டர் அகலம், அதன் மேல் 2, 2, 1 என்று நான்கு மீட்டர் உயரம் கட்டினால் 15 மீட்டர் நீளத்துக்கு 120 கனமீட்டர், அதாவது 60 கூடை. கூடைக்கு மூன்று டன்னுக்கு மேல் எடை வரும், மொத்தம் 190 டன் கல். கல் 150 முதல் 250 மி.மீ.; வலைக்கண்ணைவிடச் சிறியது போட்டால் கசிந்து வெளியேறும், கூடை தொய்யும். இயந்திரத்தால் கொட்டி மூடிவிடாமல் முகப்புக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும், பாதி உயரத்தில் முன் பின் முகங்களைக் குறுக்குக் கம்பியால் கட்ட வேண்டும். இல்லையென்றால் வயிறு தள்ளும். கூடையின் முதுகில் ஜியோடெக்ஸ்டைல். பின்னால் நிரப்புவது உடைகல், 300 மி.மீ. அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் அதிர்வு உருளையால் இறுக்க வேண்டும். சரிந்த களிமண்ணையே திரும்ப நிரப்பக் கூடாது. பக்கத்தில் கிடக்கிறது, இலவசம் என்று தோன்றும், சரிந்ததே அதுதான்.

மலைப்பக்கம் இடம் இருந்தால், பாதையை 30 முதல் 50 செ.மீ. உள்ளே நகர்த்திக்கொள்வது பல நாட்களை மிச்சப்படுத்தும். அப்போது மின்கம்பி, அதைத் தாங்கும் மாஸ்ட் (கம்பம்), பாறைமுகம் எல்லாவற்றுக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும்.

சாலைமண் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சாலைக்காரனின் கண்ணுக்கு ஜல்லியும் வேகனும் பட்டிருக்கவே பட்டிருக்காது. இரண்டு சந்தேகம். பாதை பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நீள்பற்றவைப்புத் தண்டவாளத்தில் (மூட்டில்லாமல் நீளமாகப் பற்றவைத்தது) வேறு ஏதாவது சிக்கல் உண்டா? கல்கூடைக்குப் பதில் மணல் மூட்டை அடுக்கினால் எவ்வளவு காலம் தாங்கும்?

ஜல்லிக்கரை எழுதியது:

நிச்சயம் உண்டு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் நீளவோ சுருங்கவோ வழியில்லாமல் கட்டுண்டு இருக்கும்போது, ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஒரு தண்டவாளத்தில் சுமார் 1.8 டன் விசை ஏறுகிறது. பதித்த வெப்பநிலையைவிட 30 டிகிரி கூடினால் ஒரு தண்டவாளத்தில் 55 டன், இரண்டிலும் 110 டன். இதைப் பக்கவாட்டில் தாங்குவது ஜல்லி. நீங்கள் இப்போதுதான் புது ஜல்லி போட்டிருக்கிறீர்கள், அது இன்னும் இறுகவில்லை. சரிவு தள்ளியதில், நாம் இழுத்து நேராக்கியதில், எந்த வெப்பநிலையில் விசையற்று இருந்தது என்ற கணக்கே போய்விட்டது. மழைநாளில் நேராக இருந்த பாதை, நான்கு நாள் கழித்து மதிய வெயிலில் பாம்பாக நெளியும். ஆகவே சேதப்பட்ட பகுதியை வெட்டி, தற்காலிகமாக ஃபிஷ்பிளேட் (இரு தண்டவாள முனைகளைப் போல்ட்டால் இணைக்கும் தகடு) மூட்டுப் போட்டு, வேகத்தைக் குறைத்து வண்டிகளை விடலாம். பாதை படிந்த பிறகு கிளிப்புகளைத் தளர்த்தி, தண்டவாளத்தை உருளைகள் மேல் தூக்கி விசை நீக்கி, உரிய வெப்பநிலையில் பற்றவைக்க வேண்டும். அதுவரை வெயில் நேரத்தில் அந்த இடத்தில் ஆள் நடக்க வேண்டும்.

மணல் மூட்டை சில வாரத்துக்கு. பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இற்றுப்போகும், உள்ளே மணல் கசியும், தண்ணீர் வடிய வழியில்லாமல் பின்னால் அழுத்தம் ஏறும். அடுக்கத்தான் வேண்டும் என்றால் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, செங்கல் கட்டுபோல் மூட்டு விலக்கி, உள்நோக்கிச் சாய்த்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை வடிகுழாய் வைத்து அடுக்குங்கள். முழுதாக நிரப்பிய மூட்டை உருளும்.

கம்பியும்சிக்னலும் எழுதியது:

சுருக்கமாக எங்கள் பங்கு. இயந்திரத்தின் கை தூக்கும் முன் மின்கம்பியில் மின்சாரம் நிறுத்தி, இரு பக்கமும் எர்த் (மின்கம்பியைத் தரையோடு இணைக்கும் கம்பி) கட்டியாக வேண்டும். நிறுத்தியாயிற்று என்ற வாய்ச்சொல் போதாது. சரிவு தள்ளிய மாஸ்ட் நேராகத் தெரிந்தாலும் அடித்தளம் அசைந்திருக்கும், குண்டுநூல் விட்டுப் பார்க்க வேண்டும். கேபிள் பள்ளம் எங்கே போகிறது என்று வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் வாளியில் கேபிள் அறுபடாது.

டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் மின்சாரம் ஓடவிட்டு வண்டி இருப்பதை அறியும் ஏற்பாடு) இருக்கிறதே, சரிவு விழுந்தால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. இரு தண்டவாளத்தையும் வண்டியின் அச்சு மின்சாரத்தால் இணைப்பதுபோல் மண் இணைக்காது. ஆக்சில் கவுன்டரும் (அச்சு எண்ணும் கருவி) அச்சைத்தான் எண்ணும், பாறையை எண்ணாது. திரும்பத் திரும்பச் சரியும் இடம் என்றால் பாதையோரம் மின்கம்பி ஓடும் சரிவுவேலி வைக்கலாம்: விழும் மண்ணால் கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பு. கால்நடை அறுத்தாலும் சிவப்புதான், அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மண் படிந்த ஜல்லி ஈரத்தில் மின்சாரத்தைக் கசியவிடும், வண்டி இல்லாமலேயே டிராக் சர்க்யூட் விழும். ஜல்லியை மாற்றச் சொல்ல எங்களுக்கும் ஒரு காரணம் உண்டு.

பல்தண்டவாளம் எழுதியது:

மலைப்பாதை என்றதால் நீலகிரி மலை ரயிலின் தனிச்சிக்கலையும் சேர்க்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே சரிவு விழுவது வழக்கம். 12-க்கு 1 ஏற்றம். மீட்டர் பாதையின் நடுவே ஆப்ட் முறைப் பற்சட்டங்கள் (பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள்) இரண்டு, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி. என்ஜினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லில் பதிந்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

சரிவுக்குப் பிறகு இங்கே தண்டவாளத்தின் அகலமும் மட்டமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பற்சட்டத்தின் மூட்டில் பல்லுக்குப் பல் தூரம் மாறாமல் இருக்க வேண்டும், சட்டத்தின் உயரம் தண்டவாளத் தலையோடு ஒத்திருக்க வேண்டும். பாதை சில மில்லிமீட்டர் கீழ்நோக்கி நழுவினாலே மூட்டு இடைவெளி விரியும், பற்சக்கரம் பல்லின் மேல் ஏறும். பல் இடுக்கில் மண் இறுகிக் காய்ந்தாலும் இதே கதை, சக்கரம் அடிவரை இறங்காது. மண்ணை வாரியபின் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டி, தண்ணீர் அடித்து, கம்பித்தூரிகை போட்டு, கிரீஸ் பூச வேண்டும். சட்டத்தில் வாளிப்பல் பட்டால் வடு விழும் என்பதால் நடுப்பகுதியை மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும்.

ஏறும்போது என்ஜின் கீழ்முனையிலிருந்து தள்ளுகிறது. பாதையை முதலில் பார்ப்பவர் முன்பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன். அதனால் திறந்த பிறகும் வண்டிக்கு முன்னால் ஆள் நடந்து பார்த்துவிட்டு அனுப்புவதே சரி. பல இடங்களுக்குச் சாலை கிடையாது, கல்லும் கம்பியும் ரயிலில்தான் வர வேண்டும். இரண்டு இடத்தில் விழுந்தால் கீழ்ச்சரிவை முடித்த பிறகே மேல்சரிவுக்குப் பொருள் போகும். குன்னூர்ப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்க முடிந்தால் மட்டுமே அந்த வரிசை மாறும்.

சரிவளவி எழுதியது:

சாலைமண் கேட்டதில் முதல் வண்டி பாக்கி இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: சரிந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பாதையைத் திறக்கக் கூடாது. அதே மழை பெய்த எல்லா வெட்டையும், எல்லா மதகையும் நடந்து பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் கார்மான்ட் அருகே 2020 ஆகஸ்ட் 12 அன்று நடந்தது இதுதான். முன்னால் பாதையில் சரிவு என்று ஒரு ரயிலை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில், மணிக்கு 117 கி.மீ. வேகத்தில், வடிகால் பள்ளத்திலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்து போட்ட சரளைக்கல்லில் ஏறித் தடம்புரண்டது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த வடிகால் வரைபடத்தில் இருந்தபடி கட்டப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. தெரிந்த சரிவு ஒன்று இருந்தால் தெரியாதவை பக்கத்திலேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வடிகாலைப் பார்க்கும்போது தண்ணீர் ஓடுகிறதா என்பதோடு எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள்.

ஜல்லிக்கரை எழுதியது:

முதல் வண்டி. விரிசல் அளவு 48 மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும், அதற்குள் ஒரு மழை பெய்து அதையும் தாங்கியிருந்தால் இன்னும் நிம்மதி. முதலில் வெறும் என்ஜின், நின்று பார்த்து, நடை வேகத்தில். கரை புதிதாகக் கட்டிய 15 மீட்டரில் ஐந்து இடத்தில் மட்டத்தை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அடுத்து சரக்கு ஏற்றிய வண்டி, மணிக்கு 10 கி.மீ. பயணிகள் வண்டிக்கு முன் சரக்கு வண்டியை விடுவதற்குக் காரணம் உண்டு: எடை கூட, கரை எவ்வளவு அழுந்தப்போகிறதோ அதை ஆளில்லாத பெட்டிகளுக்குக் கீழே அழுந்தவிடலாம். முதல் வண்டிக்கு 8 மி.மீ., அடுத்ததற்கு 4, பிறகு 2, பிறகு 1 என்று வந்தால் நிரப்பிய கல் படிகிறது என்று பொருள். 3, 3, 3 என்று மாறாமல் வந்தால் கீழே ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு அடித்தளத்தைப் பாருங்கள். இரு தண்டவாளத்துக்கும் இடையே மட்ட வித்தியாசம் பள்ளத்தாக்குப் பக்கமாகக் கூடிக்கொண்டே போவது மிகக் கெட்ட அறிகுறி, ஜல்லி போட்டு அதைத் தூக்கிச் சமன்செய்துகொண்டே இருந்தால் நோய் மறைந்து ஆபத்து வளரும்.

பிறகு 10-லிருந்து 20, 30, 45 என்று. ஒவ்வொரு படிக்கும் முன் டாம்பிங், அளவு, இரண்டு மூன்று நாள் போக்குவரத்து. வேகத்தைக் காலண்டர் பார்த்து ஏற்றாதீர்கள். முதல் வாரம் பகலில் மட்டும் ஓட்டுவது நல்லது. இரவில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டின் மேல் விளக்கும், இரு முனையிலும் காவலாளும், அவர் கையில் டெட்டனேட்டரும் கைவிளக்கும், நிலையத்தோடு பேச வாக்கி டாக்கியும் இருக்க வேண்டும்.

மழைமானி ஒன்றை அந்த வெட்டிலேயே வையுங்கள், 30 கி.மீ. தள்ளி நகரத்தில் பெய்த அளவு உதவாது. எத்தனை மில்லிமீட்டர் வந்தால் வண்டியை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிக் காவலாளிடமே கொடுத்துவிட வேண்டும். அவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் நிறுத்தலாம் என்பதும் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

சாலைமண் எழுதியது:

நன்றி. காவலை எப்போது எடுப்பது?

ஜல்லிக்கரை எழுதியது:

வடிதுளைகளும் மேல் வடிகாலும் நிரந்தரமாக முடிந்து, ஒரு முழு மழைக்காலம் அளவில் மாற்றமில்லாமல் கடந்த பிறகு. விரிசல் கம்பிகளை அப்போதும் பிடுங்க வேண்டாம், பெயின்ட் அடித்து எண் போட்டு விடுங்கள். அடுத்த வருடம் அளக்க வருபவருக்கு அவைதான் தொடக்கப்புள்ளி.